பணத்தோட்டமும் ஏலத்தோட்டமும்

கம்பத்தில் விடிவதற்குள் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. உள்ளே இடுக்கிக்கொண்டு பெண்கள். தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி. கம்பம்மெட்டு ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள். ஒருமுறை ஒரு அம்மாவிடம் கேட்டேன்: "உங்க முதலாளி மலையாளத்துக்காரராம்மா?"

சிரித்துவிட்டார். "இல்லய்யா, நம்ம ஊர்க்காரவுகதேன்!"

அண்ணாவின் 'பணத்தோட்டம்' நூலை எடுக்கும்போதெல்லாம் அந்தத் 'தேன்' காதில் விழுகிறது.

பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரம் படித்து எம்.ஏ. வாங்கியவர் அண்ணா. அந்தப் படிப்பை, நாற்பதுகளில் எழுதிய இந்த நூலில் டீக்கடை பெஞ்சுக்கு இறக்கி வைத்தார். வடநாட்டு வணிகர்களும் ஆலை முதலாளிகளும் தெற்கின் சந்தையை எப்படிக் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். நம் பணம் எங்கே போகிறது என்று சாதாரண ஆளையும் கேட்க வைத்தாரே, அது பெரிய காரியம். இன்றைக்கு மத்திய வரியில் தென் மாநிலங்களின் பங்கு பற்றிப் பேசுகிறவர்கள் கேட்பதும் அதே கேள்விதான்.

ஆனால் ஒரு குறை. அந்தக் கணக்கில் 'தெற்கு' என்பது ஒரே வீடு. அந்த வீட்டுக்குள் யாருக்கு இலை போட்டார்கள், யார் கொல்லைப்புறத்தில் காத்திருந்தார்கள் என்பது அதில் தெரிவதில்லை.

அண்ணாவுக்கு அது தெரியாதா? நன்றாகவே தெரியும். 1949-இல் படமாகவும் வந்த அவருடைய 'வேலைக்காரி' நாடகத்தைப் பாருங்கள். கடன்காரனைச் சாகும் அளவுக்கு விரட்டுகிற வேதாசல முதலியார் வடக்கிலிருந்து வந்தவர் இல்லை. உள்ளூர் ஜமீன்தார். கட்டுரைக்காரர் பார்க்காமல் விட்டதை நாடகக்காரர் பார்த்துவிட்டார்!

1963-இல் திராவிட நாடு கோரிக்கையை அண்ணா கைவிட்டார். 1967-இல் முதல்வரானபோது ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். அந்த அரிசியில் எனக்குத் தெரிவது 'வேலைக்காரி' எழுதிய கைதான்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியது. 1895-லிருந்து இந்தப் பள்ளத்தாக்கின் வயலுக்குத் தண்ணீர் தரும் அணை அது. போராட்டம் நியாயமானதுதான். ஆனால் தமிழகம், கேரளம் என்று இரண்டு பக்கமாகப் பிரித்துப் பேசிய அந்த நாட்களில் மலைக்கு ஜீப் போகவில்லை. கூலி போனது யாருக்கு? தூக்குச்சட்டிப் பெண்களுக்கு.

அதனால் 'பணத்தோட்டம்' படிக்கிறவர்கள், கூடவே 'வேலைக்காரி'யையும் படியுங்கள். பணம் எந்த ஊருக்குப் போகிறது என்று முதல் புத்தகம் கேட்கும். அந்த ஊரில் யார் கைக்குப் போகிறது என்று இரண்டாவது கேட்கும்.

இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார் அந்த ஜீப் அம்மா.

"நம்ம ஊர்க்காரவுகதேன்!"