கோணல் யார் கணக்கில்?

குறிக்கம்புகள் நட்டாயிற்று. டிராக்டரை விட்டு இறங்கியவர் மண்டியிடுகிறார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, வயலின் மறுகோடியில் நிற்கும் கம்பு வரை பார்வையை ஓட்டுகிறார். எழுந்து போய்க் கலப்பையில் ஒரு மரையை ஸ்பேனரால் கால் சுற்றுத் திருகுகிறார். மறுபடியும் மண்டியிடுகிறார். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, கொழு இன்னும் மண்ணைத் தொடவில்லை. உலக உழவுப் போட்டியில் முதல் சால் பிளக்க 20 நிமிடம்தான் தருகிறார்கள். அதில் ஒரு பங்கு இப்படிக் கண்ணாலேயே உழுவதில் போய்விடுகிறது.

வேகத்துக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. ஆளுக்கு 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் ஒரு துண்டு நிலம். எந்தத் துண்டு யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். ஒரு நாள் அறுவடைத் தாள் நிலம், இன்னொரு நாள் புல்தரை. நேர்த்தி, சால்களின் சீர்மை, புல்லும் தாளும் மண்ணுக்குள் புதைந்த அழகு, கடைசிச் சாலின் சுத்தம், கொழு இறங்கிய இடமும் ஏறிய இடமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று தனித்தனித் தலைப்பில் மதிப்பெண் போடுகிறார்கள். ஆழத்தைப் பல இடங்களில் அளக்கிறார்கள். அகல உழுவதைவிட ஆழ உழு என்பது நம்மூர்ப் பேச்சு. அந்த ஆழம் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை மாறாமல் இருக்க வேண்டும் என்பது இவர்கள் பேச்சு.

நடுவர் வேலை சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். மற்ற ஆட்டங்களில் வீரர் ஆடும்போது நடுவர் பார்க்கிறார். இங்கே ஆடி முடித்த பிறகு மண்ணைப் பார்க்கிறார். காலால் அழுத்தி உறுதி பார்ப்பதும், புரண்ட மண்ணைக் கையால் விலக்கி உள்ளே புல் எட்டிப் பார்க்கிறதா என்று தேடுவதும் அவர் தொழில். ஒரு வகையில் இது நியாயமான ஏற்பாடு. ஓட்டியவரின் பெயரோ புகழோ சாலில் எழுதியிருப்பதில்லை. துண்டு சாயங்காலம் வரை அங்கேயே கிடக்கிறது. நடுவர் மீது சந்தேகப்படுபவர் தானே நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் சாலுக்கு மட்டும் இந்த வசதி இல்லை. இரு பக்கமும் மண்ணைத் தள்ளி நிலத்தைப் பிளந்தபின், அதே மண்ணைத் திரும்ப உள்ளே புரட்டி மேடு கட்டுகிறார்கள். முதலில் பிளந்த சால் அந்த மேட்டுக்கடியில் போய்விடும். அதனால்தான் 20 நிமிடம் முடிந்ததும் எல்லோரையும் நிறுத்தி, அதற்கு மட்டும் மதிப்பெண் போட்டுவிட்டு, மீதி வேலைக்கு மறுபடி நேரம் தருகிறார்கள். கிரிக்கெட்டைப் போல டி.ஆர்.எஸ். மறுபரிசீலனை கேட்க முடியாது. அந்தச் சில நிமிடங்களில் நடுவர் கண் சற்று அசந்தாலும், அந்தத் தவறு மண்ணோடு மண்ணாகிவிடும்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. மண்ணை ஒரே பக்கமாகப் புரட்டும் வழக்கமான இறக்கைக் கலப்பைப் பிரிவில், ஒருவர் தன் மேட்டை மட்டும் சுற்றி உழுதால் போதாது. பக்கத்துத் துண்டுக்காரர் கட்டிய மேட்டை ஒட்டியும் உழ வேண்டும். இரண்டு மேட்டுக்கும் நடுவில் உழாத பட்டை குறுகிக்கொண்டே வந்து, கடைசிச் சாலில் முடியும். பக்கத்து ஆள் மேட்டை ஒரு சாண் கோணலாகக் கட்டியிருந்தால், உங்கள் பட்டை ஒரு தலையில் அகலம், மறுதலையில் குறுகல். சுற்றுக்குச் சுற்று அந்தக் கோணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தால்தான் கடைசிச் சால் நேராக விழும். எதிராளி அடித்த பந்தைத் திருப்பி அடிப்பது டென்னிஸ். எதிராளி விட்டுவைத்த பிழையைத் திருத்தி அதற்கு மதிப்பெண் வாங்குவது உழவு. சீட்டில் நல்ல மண் விழுவதைவிட நல்ல அண்டைக்காரர் விழுவது பெரிய அதிர்ஷ்டம்.

இந்தச் சங்கடம் தெரிந்த நடுவர், கடைசிச் சாலைப் பார்க்குமுன் அண்டை மேட்டைப் பார்த்திருப்பார். அது அவரவர் மனசாட்சிக்கு விட வேண்டிய விஷயமல்ல. மேடு கட்டி முடிந்ததுமே அதன் கோணலை அளந்து, இரண்டு பேரின் மதிப்பெண் தாளிலும் எழுதிவிட வேண்டும். நாடா பிடிக்க இரண்டு ஆள் போதும்.

அடுத்தது கை வைக்கும் விவகாரம். பெரும்பாலான போட்டிகளில் உழுத மண்ணைக் கையாலோ காலாலோ சரிசெய்வது குற்றம். கண்காணிப்பாளர்கள் வரிசையாக நிற்பார்கள்தான். ஆனால் சாலைப் பார்க்க நடந்து வருபவரின் பூட்ஸ் நுனி, துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கட்டியை உள்ளே தள்ளிவிட்டுப் போவதற்கு அரை நொடி ஆகுமா? பார்த்தவருக்குத் தெரியும், பார்க்காதவருக்கு அது அழகான உழவு. இதில் எச்சரிக்கை கொடுத்து விட்டுவிடும் தாராளம் எனக்குப் பிடிக்கவில்லை. உதைத்த கட்டிக்கு மதிப்பெண்ணைக் கழித்தே ஆக வேண்டும்.

ஜெயிக்க வேண்டும் என்ற வீம்பு இந்த ஆட்டத்துக்குப் பழையது. அயர்லாந்தில் தேசிய உழவுப் போட்டி பிறந்ததே அப்படி ஒரு வீம்பில்தான். எங்கள் கவுண்டிக்காரன் நன்றாக உழுவானா, உங்கள் கவுண்டிக்காரனா என்று ஜே.ஜே. பெர்கினுக்கும் டெனிஸ் ஆலனுக்கும் வாக்குவாதம் முற்றி, 1931 பிப்ரவரியில் கில்டேர் கவுண்டியின் ஆதை ஊருக்குப் பக்கத்தில் கலப்பைகள் இறங்கின. உலகப் போட்டி 1953-ல் கனடாவின் கோபர்க்கில் தொடங்கியது. வென்றவருக்குத் தங்கக் கலப்பை. போட்டி நடத்தும் நாட்டில் அமைதிக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பும் வழக்கமும் உண்டு. மதிப்பெண் விவகாரத்துக்கு வந்தால், ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் நடுவர் ஊழலுக்குப் பிறகு மதிப்பெண் முறையையே மாற்றினார்கள். உழவுக்காரர்கள் அப்படி ஓர் அசிங்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

2022-ல் உலகப் போட்டி அயர்லாந்தின் ராதனிஸ்காவுக்கு வந்தபோது, வழக்கமான கலப்பைப் பிரிவில் வென்றவர் அந்நாட்டின் ஏமன் ட்ரேசி. 2014-ல் பிரான்சிலும் அவர்தான். இன்னொரு நாட்டு மண், இன்னொரு அண்டைக்காரர், ஆனாலும் சால் நேர்தான். உழவுப் போட்டி பார்க்க வாய்த்தால் டிராக்டருக்குப் பின்னால் ஓடாதீர்கள். இரண்டு துண்டும் சேரும் இடத்தில் போய் நில்லுங்கள். யார் கோணலை யார் நிமிர்த்துகிறார் என்பது அங்கேதான் தெரியும்.