செஷன் என்னும் ஞாபகம்

ஹெச்டிடிபிக்கு ஞாபகசக்தி கிடையாது. கோரிக்கை வரும், பதில் போகும், அத்தோடு சரி. அடுத்த கிளிக்கில் வருபவர் யாரென்றே சர்வருக்குத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மோன்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தார். அதை வைத்து ஜாவா சர்வ்லெட் செய்துகாட்டிய வித்தைதான் ஹெச்டிடிபிசெஷன்.

முதல் தடவை கெட்செஷனைக் கூப்பிட்டதும், சர்வ்லெட்டை இயக்கும் டாம்கேட் சர்வர் 32 எழுத்தில் ஒரு ஐடியை உருவாக்கும். ஜேசெஷன்ஐடி என்ற பெயரில் குக்கியாகப் பிரவுசருக்குப் போவது அது மட்டும்தான். கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குவது மாதிரி. சரக்கு சர்வரிடமே இருக்கும். செட்ஆட்ரிபியூட்டில் போட்ட ஷாப்பிங் கார்ட்டை அடுத்த பக்கத்தில் கெட்ஆட்ரிபியூட் அப்படியே எடுத்துத் தரும்.

தகவலை வைக்க இடங்கள் மூன்று: ஒரு பதிலோடு தீர்வது ரெக்வெஸ்ட்டில், ஒருவருக்கு உரியது செஷனில், எல்லோருக்கும் பொதுவானது சர்வ்லெட்கான்டெக்ஸ்ட்டில். மூன்றிலும் அதே இரண்டு மெத்தட்கள். என்ன ஒழுங்கு!

மறக்கவும் செஷனுக்குத் தெரியும். 30 நிமிடம் சத்தமே இல்லையென்றால் டாம்கேட் வழக்கமாகச் செஷனை முடித்துவிடும். லாகின் ஆனதும் சேஞ்ச்செஷன்ஐடியைக் கூப்பிட்டால், உள்ளே இருப்பதைத் தொடாமல் ஐடியை மட்டும் மாற்றும்; பழைய ஐடியைத் தெரிந்துவைத்திருக்கும் திருடனுக்கு வேலை இல்லை.

கை தாராளம் மட்டும் கூடாது. ஆளுக்கு 1 எம்பி வைத்தால் 10,000 பேருக்குச் சுமார் 10 ஜிபி மெமரி போய்விடும். பயனர் எண்ணைச் செஷனில் வையுங்கள். மற்றதை டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும்.