54 தசைகளும் ஒரு போன் காலும்: ஸ்வேவோவின் ஸெனோ

வேகமாக நடக்கும்போது ஒரு அடி வைக்க அரை விநாடிதான் ஆகுமாம். அதற்குள் 54 தசைகள் வேலை செய்கின்றன என்று பழைய பள்ளித் தோழன் ஒருவன் ஸெனோவிடம் சொல்கிறான். ஸெனோ உடனே தன் காலைக் கவனிக்க ஆரம்பிக்கிறான். அங்கிருந்து கிளம்பும்போது நொண்டுகிறான்.

இத்தாலோ ஸ்வேவோவின் இந்த நாவல் வெளிவந்த வருஷம் 1923. நான் படித்தது வில்லியம் வீவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு. மூலத் தலைப்பில் உள்ள இத்தாலியச் சொல்லுக்கு மனசாட்சி, பிரக்ஞை என்று இரண்டு அர்த்தமும் உண்டு.

நொண்டும் காட்சியை மட்டும் பிடித்துக்கொண்டால், "ரொம்ப யோசிக்காதே" என்ற அறிவுரையோடு விஷயம் முடிஞ்சிடும். நம்ம தொழிலிலும் இது தெரிந்ததுதான். வரிக்கு வரி லாக் எழுதச் சொன்னால் எந்தப் புரோகிராமும் தவழும். ஆனால் நாவல் அதோடு நிற்கவில்லை.

ஸெனோவின் "கடைசி சிகரெட்"டைப் பாருங்கள். தேதி குறித்து, சுவரில்கூட எழுதி வைத்து விடுகிறான். மறுபடி பிடிக்கிறான். கடைசி சிகரெட்டுக்குத் தனி ருசி என்று அவனே ஒத்துக்கொள்கிறான். காதலி கார்லா விஷயத்திலும் அதே கதைதான்: இதுதான் கடைசித் தடவை. ஆக, சுய ஆராய்ச்சி அவனைத் தடுக்கவே இல்லை. செய்ய நினைத்ததைச் செய்ய அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. குற்றவுணர்ச்சியை அலசி முடிச்சதும் கடன் அடைந்த மாதிரி ஒரு நிம்மதி.

உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமாவும் சகாக்களும் 2003இல் இந்த அசைபோடலை இரண்டாகப் பிரித்தார்கள். தீர்வு தேடி உள்ளே திரும்பிப் பார்ப்பது ஒன்று. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று உழல்வது இன்னொன்று. மனச்சோர்வு காலப்போக்கில் கூடுவதோடு தொடர்பு காட்டியது இரண்டாவதுதான். ஸெனோ இந்த இரண்டிலும் சரியாகப் பொருந்தவில்லை. அவன் ரசித்து அசைபோடுகிறவன்.

நாவலில் ஒரு குறை உறுத்தியது. அக்காள் தங்கை இரண்டு பேர் மறுத்த அதே மாலையில், தன்னிடம் வந்து கேட்டவனை ஏற்றுக்கொண்டவள் அகுஸ்தா. அவளுக்கு எங்கே வலித்தது என்று நமக்குச் சரியாகத் தெரிவதே இல்லை. கதை முழுக்க ஸெனோவின் குரல்தான்.

குறை என்று நான் நினைத்ததுதான் நாவலின் உண்மை என்று பிறகு புரிந்தது. தம்பியோடு சண்டை போட்டு எட்டு மாசம் ஆகிறது. ஏன் அப்படிப் பேசினேன் என்று நோட்டில் பதினோரு பக்கம் எழுதி வச்சிருக்கேன். என் கோபம், அதன் காரணம், அந்தக் காரணத்துக்குக் காரணம். திருப்பிப் பார்த்தால், முதல் பக்கத்துக்கு அப்புறம் தம்பி பேரே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். நாலு நிமிஷம் பேசினோம். அதில் பாதி அவன் பையனோட பரீட்சை பத்தி.