கதவு என்கிற பிரதி

'பாதுகாப்பு' என்ற சொல்லாடலுக்குள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்ட பொருள்களில் ஒன்று, கார்டு காட்டினால் திறக்கும் மின்பூட்டு. விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களுக்கும் அது வந்துவிட்டது. இதைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் உடனே ஃபூக்கோவின் கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி நின்றுகொள்கிறார்கள். கண்காணிக்கிறான், பதிவு செய்கிறான், சரி. இந்த வாசிப்பு தப்பில்லை, சோம்பேறித்தனமானது. கார்டையும் கேமராவையும் பார்க்கிறது. சுவருக்குள் போகிற வயரைப் பார்ப்பதில்லை. அதிகாரம் எழுதப்பட்டிருப்பது அந்த வயரில்.

காந்தப் பூட்டு என்பது கதவுச் சட்டத்தில் ஒரு மின்காந்தம், கதவில் ஓர் இரும்புத் தகடு. 12 வோல்ட் டிசி மின்சாரம் ஓடுகிற வரைக்கும் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பரவலாகப் போடப்படும் ஒரு வகை சுமார் 280 கிலோ இழுப்பைத் தாங்கும். கார்டு சரியென்றால் கன்ட்ரோலரில் இருக்கும் ரிலே சில வினாடிகள் மின்சாரத்தைத் துண்டிக்கும், கதவு விடும். ஆகவே வயரை ரிலேயின் என்.சி. முனையில் கொடுக்கிறார்கள், சும்மா இருக்கும்போது இணைந்தே இருக்கும் முனை அது. நாக்கு வைத்த ஸ்ட்ரைக் பூட்டு வேறு ஜாதி (சொல் தானாக வந்து விழுகிறது, பாருங்கள்). அதில் பெரும்பாலானவை மின்சாரம் வந்தால்தான் விடும், என்.ஓ. முனையில் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே கார்டுக்குத் திறப்பவை. கரண்ட் போகும்போதுதான் குணம் தெரியும். பேட்டரியும் தீர்ந்துபோனால் காந்தப் பூட்டு எல்லோருக்கும் திறந்துகொள்ளும். ஸ்ட்ரைக் பூட்டு வெளியே நிற்பவனுக்கு மூடியே கிடக்கும். உள்ளே இருப்பவன் கைப்பிடியைத் திருகி வெளியே வந்துவிடலாம். தொழிலில் முன்னதை ஃபெயில் சேஃப் என்கிறார்கள், பின்னதை ஃபெயில் செக்யூர் என்கிறார்கள். தோற்றுப்போகும் நேரத்தில் யார் பக்கம் நிற்பது என்பதைப் பூட்டு வாங்கும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள்.

இந்த வேலை செய்யும் திண்டிவனத்து நண்பர் ஒருவர் சொன்னார்: "மூளைய எப்பவும் உள்பக்கம் வைக்கணும் சார். வெளிய இருந்தா, பொட்டியக் கழட்டி ரெண்டு வயர ஒண்ணா வச்சாப் போதும், தெறந்துக்கும்." எனவே வெளியே ரீடர் மட்டும். கேட்பது வெளியே, தீர்ப்பு உள்ளே. வெளியே நிற்பவர் தான் யாரென்று நிரூபிக்க வேண்டும். உள்ளே இருப்பவருக்கு ஒரு பட்டன் போதும், கார்டு வேண்டாம். ஊருக்கும் சேரிக்கும் நடுவே இந்த வயரிங் எப்போதோ முடிந்துபோன வேலை.

அந்தப் பட்டனிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, அழுத்தினால் கன்ட்ரோலருக்குச் செய்தி போகும், அது மனசு வைத்தால் திறக்கும். இன்னொன்று, பட்டனே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். முன்னது விண்ணப்பம், பின்னது உரிமை. தீ அலாரம் அடித்தால் காந்தப் பூட்டின் மின்சாரம் நேரடியாக அறுபடுகிறதா என்பது தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டிய கேள்வி. 1911இல் நியூயார்க் ட்ரையாங்கிள் தையல் ஆலைத் தீயில் 146 பேர் செத்தார்கள். அங்கே ஒரு வாசல் பூட்டியிருந்தது. தொழிலாளிகள் துணி திருடிப் போய்விடுவார்களாம்.

ஒரு நகரத்தில் கார்டு காட்டித் தடுப்பைத் திறந்து போகலாம், ஆனால் அதே கார்டு ஒருநாள் ஏற்கப்படாமலும் போகலாம் என்ற கத்தாரியின் கற்பனையை டெல்யூஸ் 1990இல் கட்டுப்பாட்டுச் சமூகங்கள் பற்றிய கட்டுரையில் எடுத்துப் பேசினார். அதற்கு முன்பே 1988இல் புரூனோ லத்தூர், கதவைத் தானாக மூடும் கருவியும் ஆள் பார்த்து நடந்துகொள்கிறது என்று எழுதினார். இரண்டும் நமக்குத் தேவை, இரண்டும் போதாது. அவர்களுடைய கதவு எல்லோரையும் ஒரு கார்டாகவாவது ஒத்துக்கொள்கிறது. நந்தனார் தீயில் இறங்கி வேறு உடம்போடு எழுந்த பிறகுதான் தில்லை வாசல் அவரை அடையாளம் கண்டது.

வயரிங்கை இப்படி வாசிக்கப் பழகினால் விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் வாசலையும் வாசிக்கலாம். சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். அதாவது செல்லுபடியாகும் கார்டு கைக்கு வந்து முக்கால் நூற்றாண்டு. 2023 ஏப்ரல் திருவிழாவில் கோயிலுக்குள் போனதற்காகத் தலித்துகள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோட்டாட்சியர் 145ஆம் பிரிவின்கீழ் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார். எல்லோருக்கும்தானே பூட்டு என்றார்கள். சமத்துவம் போலத்தான் தெரியும். ஆனால் காலங்காலமாகப் போய்வந்தவன் இழந்தது சில கால வழிபாட்டை. அன்றைக்குத்தான் முதல் அடி எடுத்து வைத்தவன் இழந்தது அந்த அடியை. கரண்ட் போனது, பூட்டு மூடிக்கொண்டது. 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற ஆணைப்படி திறந்தபோதும் அன்றாடப் பூசைக்கு மட்டும்தான். பூசாரி போகலாம், பொதுமக்கள் கூடாது. உள்பக்கத்துப் பட்டன் வேலை செய்தது.

தகராறு வந்தால் திறந்தே வைப்பது, திறந்த வாசலுக்குக் காவல் போடுவது என்று இன்னொரு முனையிலும் வயரைக் கொடுத்திருக்கலாம். 2025 ஏப்ரலில் தலித்துகள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட்டார்கள். அந்தப் போலீஸ் 2023இலும் இருந்தது.