ஒருதலைக் காதல் என்னும் செய்திச்சொல்

‘காதலை ஏற்க மறுத்த மாணவி குத்திக்கொலை.’ இப்படியொரு தலைப்பைப் படிக்காத தமிழ் வாசகி இருக்க முடியாது. ஊர் மாறும், வயது மாறும்; வாக்கியம் மாறாது. தமிழ் கற்பிப்பவள் என்பதால் இதை இலக்கணமாகவே பிரித்துப் பார்க்கிறேன். இந்த ஐந்து சொற்களில் ஒரு செயலைச் செய்பவளாக வருபவள் மாணவி மட்டுமே. அவள் மறுத்தாள். கொன்றவனுக்கு இதில் இடமே இல்லை. வினை ‘குத்திக்கொலை’ என்று பெயராக உறைந்துவிட்டதால், குத்தியது யார் என்ற கேள்வியும் எழுவதில்லை. மறுத்தது காரணம், இறந்தது விளைவு என்று படிக்கப் பழகிவிடுகிறோம்.

2012இல் காரைக்காலில் ஓர் இளம் பொறியாளர் மீது அமிலம் வீசப்பட்டது. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். 2022 அக்டோபரில் பரங்கிமலையில் ஒரு கல்லூரி மாணவி ரயில் முன் தள்ளிவிடப்பட்டார். மூன்றிலும் ஒருதலைக் காதல், காதல் தகராறு என்று ஏதோவொரு வடிவில் ‘காதல்’ செய்திக்குள் முந்திக்கொண்டு வந்தது. நுங்கம்பாக்கம் வழக்கில் கைதானவர் அதே ஆண்டு செப்டம்பரில் புழல் சிறையில் இறந்தார். வழக்கு தீர்ப்புவரை போகவேயில்லை. நீதிமன்றம் சொல்லாத காரணத்தை ஊடகங்கள் முன்பே எழுதி முடித்திருந்தன. கொல்லப்பட்டவரின் நடத்தையையும் அலசி முடித்திருந்தன.

ஒருதலைக் காதல் நம் மரபில் உள்ளதுதானே என்று சிலர் கேட்கக்கூடும். உண்டு, அதன் பெயர் கைக்கிளை. ஆனால் தொல்காப்பியம் அதை அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைக்கிறது. அங்கே மறுமொழி பெறாத ஆண் தானே பேசித் தானே இன்புறுகிறான். அவனுக்கு இருப்பது சொல் மட்டுமே. பருவமடையாத சிறுமியை நோக்கிய பேச்சு என்பதால் அந்த இலக்கணத்தோடும் எனக்குச் சண்டை உண்டு. ஆனாலும் இருபக்கமும் ஒத்த அன்பையே நடுவில் வைக்க வேண்டும் என்ற தெளிவு அந்தப் பழைய நூலுக்கு இருந்தது. நம் செய்தி அறைகளுக்கு அது இல்லை.

சட்டத்திற்கும் இந்தத் தெளிவு தாமதமாகவே வந்தது. ஒரு பெண் விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் அவளைப் பின்தொடர்வது 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354டி பிரிவாகத் தனிக் குற்றமானது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. குற்றத்திற்குப் பெயர் இருக்கிறது. செய்தியாளரோ காவல் நிலையத்தில் கிடைத்த சொல்லையே அச்சுக்கு அனுப்புகிறார். தொலைக்காட்சியில் நால்வர் அமர்ந்து ‘சினிமாதான் பையன்களைக் கெடுக்கிறது’ என்று விவாதிப்பார்கள். அவர்களின் காலடியில் ‘ஒருதலைக் காதலால் விபரீதம்’ என்று எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்.

சொல்தானே, இதற்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் ஒரு மகளிர் விடுதியில் கேட்டுப் பார்க்கலாம். பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் தினமும் நிற்கிறான் என்பதை ஒரு மாணவி ஏன் வீட்டில் சொல்வதில்லை? சொன்னால் அது ‘காதல் விவகாரம்’ ஆகிவிடும். காதல் என்றால் அதில் இரண்டு பேர். அவளும் பதில் சொல்ல வேண்டியவள் ஆகிறாள். கைப்பேசி பறிபோகும், படிப்பு நிற்கும், அவசரமாக ஒரு வரன் வரும். பின்தொடர்ந்தவனின் வாழ்க்கையில் எதுவும் நிற்காது. ஆகவே அவள் பாதையை மாற்றிக்கொள்கிறாள், வேறு பேருந்து பிடிக்கிறாள், வாயைத் திறப்பதில்லை. அந்த மௌனத்தில் நாளிதழின் மொழிக்கும் பங்குண்டு.

தலைப்பில் இடமில்லை என்ற சமாதானமும் செல்லாது. ‘மாணவியைப் பின்தொடர்ந்தவர் கொலை வழக்கில் கைது.’ இதிலும் ஐந்தே சொற்கள். வழக்கின் தீர்ப்பை இது முந்தவில்லை, எவருடைய மனத்தையும் ஊகிக்கவில்லை, இறந்தவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவுமில்லை. இதழியல் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள்: நாளை நீங்கள் செய்தி மேசையில் அமரும்போது, ஒவ்வொரு தலைப்பிலும் எழுவாய் யார் என்று கேளுங்கள்.