நானா வேண்டிக்கிட்டது!

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போயிருக்கிறீர்களா? மலைக்கு 365 படிகள். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் தோளில் பூக்காவடியோடு வெறுங்காலில் ஏறிக்கொண்டிருந்தார். “கால் வலிக்கலையாம்மா?” என்றேன். “வலிக்காம இருக்குமா தம்பி? நானா வேண்டிக்கிட்டதாச்சே” என்றார்.

அன்று ராத்திரி அடிவாரத்து லாட்ஜில் டி.வி.யைப் போட்டால், ‘படையப்பா’ (1999). நீலாம்பரிக்கு அவன்மீது ஆசை. மறைக்காமல் சொல்கிறாள். பலன்? பதினெட்டு வருஷம் ஓர் அறைக்குள் தன்னைத் தானே அடைத்துக்கொள்கிறாள். வாய் திறந்து சொல்லாமல் தலைகுனிந்து நின்ற வசுந்தராவுக்குத் தாலி. ‘அவளேதானே கதவைச் சாத்திக்கொண்டாள்’ என்பீர்கள். சரி, பூட்டு வாங்கிக் கொடுத்தது யார்? திரைக்கதைதானே!

இது புதுசு இல்லை. ‘பட்டிக்காடா பட்டணமா’ (1972) படத்தில் சிவாஜி, மனைவி ஜெயலலிதாவைச் சாட்டையால் விளாசுவார். கடைசியில் ஜோடி சேர்ந்துவிடும். தியேட்டரில் விசில் பறக்கும். திருத்தணியைத் தாண்டினால் ஆந்திரா. தெலுங்கில் வந்த ‘அர்ஜுன் ரெட்டி’யில் (2017) காதலிக்குப் பளார் என்று ஓர் அறை. அங்கேயும் சுபம்தான். இந்தியில் ‘கபீர் சிங்’, தமிழில் ‘ஆதித்ய வர்மா’ என்று 2019-ல் மறுபடியும் அதே கதை.

நான் படித்தது பி.காம். எதையும் பேரேட்டில் எழுதிப் பார்க்கிற புத்தி. இந்தப் படங்களில் வலி எப்போதும் அவள் கணக்கில், கைதட்டல் அவன் கணக்கில். கடைசியில், ‘அவளுக்கும் அதுதான் பிடிச்சிருந்தது’ என்று ஒரு பொய் வரவு வைத்துக் கணக்கை நேர் செய்துவிடுகிறார்கள்.

வலியில் சுகம் காணும் பெண்ணே கிடையாதா? இருக்கலாம் சார். ஆசை ஆளுக்கு ஒரு மாதிரி. அதைச் சினிமா காட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 2002-ல் வந்த ‘செக்ரட்டரி’ என்ற அமெரிக்கப் படம் அப்படியொரு பெண்ணைப் பற்றியதுதான். அங்கே தன் ஆசை எது என்று அவளே கண்டுபிடிக்கிறாள். அவனிடம் போய் அதைக் கேட்கிறாள். நம் படங்களில் கேட்பதே கிடையாது. முதலில் அடி, அப்புறம் அதற்குக் காதல் என்று பெயர்.

நான் பார்ப்பது இரண்டே விஷயம். அவள் கேட்டாளா? ‘போதும்’ என்றால் அவன் நிறுத்தினானா? இரண்டுக்கும் படத்தில் பதில் இல்லையென்றால், அது அவளுடைய ஆசை இல்லை, அவனுடைய சௌகரியம்.

அடுத்த தடவை ஹீரோயின் அறை வாங்கும்போது கைதட்டப் போகிறீர்களா? அதற்கு முன்னால் அந்தப் படிக்கட்டு அம்மாவைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். ‘நானா வேண்டிக்கிட்டது’ என்று நிமிர்ந்து சொன்ன கதாநாயகி நம் சினிமாவில் யார்? ஞாபகம் வந்தால் எனக்கு எழுதுங்கள்.