மேற்பரப்பின் அழகு

நாசாவின் ‘பெர்பெச்சுவல் ஓஷன்’ காணொளியைப் பார்த்த பலர் சட்டென்று சொல்லும் பெயர் வான்கோ. கரிய கடல்மேல் வெள்ளைக் கோடுகள் சுழித்துச் சுழித்து ஓடுவதைப் பார்த்தால் ‘ஸ்டாரி நைட்’ ஓவியம் ஞாபகத்துக்கு வரத்தான் செய்யும். ஆனால் அந்த ஒப்பீட்டோடு நின்றுவிட்டால் இந்தப் படைப்பை நாம் ரசிக்கவும் இல்லை, விசாரிக்கவும் இல்லை. ஓவியம் என்றால் ‘ஏன் இந்தக் கோடு?’ என்று கேட்கிறோம். தரவு என்றதும் அந்தக் கேள்வி வாயடைத்துப் போகிறது.

இதில் தெரிவது படம் பிடிக்கப்பட்ட கடல் அல்ல. எம்ஐடியும் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகமும் சேர்ந்து நடத்திய எக்கோ2 திட்டத்தின் கணினி மாதிரி அது. நீரின் இயக்கச் சமன்பாடுகளைக் கணினி தீர்க்கிறது. செயற்கைக்கோள்களும் கடலில் உள்ள கருவிகளும் தந்த அளவீடுகளோடு ஒத்துப்போகும்படி அதைச் சரிசெய்கிறார்கள். 2005 ஜூன் முதல் 2007 டிசம்பர் வரைக்குமான அந்த எண்களுக்குள் கற்பனைத் துகள்களை மிதக்கவிட்டு, அவை போன தடங்களைக் கோடுகளாக இழுத்தது நாசா கொடார்டு மையத்தின் காட்சிப்படுத்தல் பிரிவு. ஆண்டு 2011.

கோடு எவ்வளவு நீளம் இருக்கணும், எப்போ மங்கணும், என்ன நிறம்? இதெல்லாம் எண்களிலிருந்து தானாக வந்துவிடாது. திரையில் எதையாவது வரைய நிரல் எழுதிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: ஒவ்வொன்றும் யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு. மூன்று நிமிடப் பதிப்பில் ஒரு மாதம் ஏறக்குறைய ஆறு நொடியில் ஓடிவிடுகிறது. வளைகுடா நீரோட்டத்தின் சராசரி வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சம், ஒரு ஆள் விறுவிறுவென்று நடக்கிற வேகம். அந்த நடைதான் திரையில் வெறியாட்டமாகத் தெரிகிறது. கடலடி மேடுபள்ளங்களும் 40 மடங்கு மிகைப்படுத்தப்பட்டவை.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. காலத்தைச் சுருக்காமல் இந்தச் சுழல்களை மனிதக் கண்ணுக்குக் காட்டவே முடியாது. பள்ளிப் புத்தகத்தில் நீரோட்டம் என்றால் தடித்த சிவப்பு அம்பு, தடித்த நீல அம்பு, அவ்வளவுதான். இந்தப் படம் அந்த அம்புகளை உடைக்கிறது. நீரோட்டம் வளைகிறது, அறுகிறது, சுழல்களாகக் கழன்று தன்போக்கில் அலைகிறது. விளக்கக் குரலோ பெயர்க்குறிப்போ இல்லாமல் இதை உணர்த்திவிடுவது சாதாரண விஷயமில்லை.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில். கணினி மாதிரியில் ஆழம் இருக்கிறது. படத்தில் மேற்பரப்பு மட்டும்தான். ஆனால் கடலின் உயிர் பெருமளவு மேல்-கீழ் ஓட்டத்தை நம்பியிருக்கிறது. பெரு நாட்டுக் கரையோரம் காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக, ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலெழுகிறது. அதை உண்டு நுண்பாசிகள் பெருகுகின்றன. அந்த உணவுச் சங்கிலியில் நெத்திலிக் கூட்டங்கள் வளர்கின்றன. உலகின் மிகப் பெரிய மீன்பிடிப்புகளில் ஒன்று அதை நம்பித்தான் நடக்கிறது. எல் நினோ ஆண்டுகளில் அந்தச் சத்துநீர் மேலே வருவது குறைந்தால் மீன் குறைகிறது, கடற்பறவைகள் பட்டினியில் சாகின்றன. இவ்வளவும் நடக்கிற கரை, இந்தப் படத்தின் கணக்கில் சுவாரஸ்யமில்லாத ஓரம். கிடைமட்ட வேகம் அதிகமான இடமெல்லாம் இங்கே நாயகன். சோறு போடும் மெதுவான ஏற்றத்துக்குக் கோடே கிடையாது.

கலையும் அறிவியலும் கைகோக்கும் படைப்புகளை ‘தரவு அழகாகிவிட்டது’ என்று பாராட்டி முடிப்பது நமக்குப் பழகிவிட்டது. எந்தத் தரவு அழகாகும் தகுதி பெற்றது, எது வெளியே நின்றது என்றும் கேட்க வேண்டும். ‘பெர்பெச்சுவல் ஓஷன்’ அந்தக் கேள்வியைத் தாங்கும் அளவுக்கு நல்ல படைப்பு, அதனால்தான் கேட்கிறேன். இருபது நிமிடப் பதிப்பும் இருக்கிறது. அதைப் பாருங்கள். சுழல்களில் கண் சொக்கி நிற்கும்போது, கோடுகள் அடங்கிக் கிடக்கிற ஏதாவது ஒரு கரையில் நிறுத்தி, அங்கே கீழிருந்து என்ன வந்துகொண்டிருக்கும் என்று யோசியுங்கள்.